வெப்பம் கடத்தாப் பொருளா, வெப்பக்காப்பா?

வீட்டைப் புதுப்பித்து மின்கட்டணத்தைக் குறைக்கும் வழிகளைப் பற்றிக் கோலாலம்பூர்ப் பக்கம் தமிழில் எழுதுவோரும் பேசுவோரும், சூடு வீட்டுக்குள் புகாமல் தடுக்கும் ‘இன்சுலேஷன்’ என்ற சொல்லுக்கு ‘வெப்பம் கடத்தாப் பொருள்’ என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அண்மையில் என் கைக்கு வந்த விளம்பரத் துண்டறிக்கை ஒன்று, கூரை ஓட்டுக்கு அடியில் விரிக்கும் பளபளப்பான தாளை ‘வெப்பம் கடத்தா அலுமினியத் தாள்’ என்றே அச்சிட்டிருந்தது. அலுமினியத்தில் சட்டியும் குண்டானும் செய்வது அது வெப்பத்தை விரைந்து கடத்துவதாலும்தான் என்பது சமையலறைக்குள் நுழைந்த எவருக்கும் தெரியும். இப்படி எழுதுவதை இனியும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சரியன்று.

‘இன்சுலேஷன்’ என்பதன் வேர் தீவைக் குறிக்கும் ‘இன்சுலா’ என்ற இலத்தீன் சொல். தீவைப் போல ஒன்றைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து பிரித்து வைப்பதே அதன் முதற்பொருள். மின்சாரம், வெப்பம், ஒலி ஆகியவற்றுக்கு அது பின்னர் நீண்டது. மலாய்மொழி இம்மூன்றுக்கும் ‘பெனெபாட்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குழப்பமின்றி நடக்கிறது. தமிழில்தான் இடத்துக்கு ஒரு சொல், ஆளுக்கு ஒரு சொல் என்று ஆகிவிட்டது.

‘வெப்பம் கடத்தாப் பொருள்’ என்பதில் மூன்று பிழைகள் இருக்கின்றன. வெப்பத்தை முற்றிலும் கடத்தாத பொருள் எதுவும் இல்லை. அதனால்தான் பழைய அறிவியல் நூல்கள் ‘அரிதிற்கடத்தி’ என்று அளந்து சொல்லின. அந்த நுட்பத்தை இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் தொலைத்துவிட்டார்கள். அடுத்து, வெப்பம் கடத்தல் வழியாக மட்டும் வருவதில்லை. நம் நாட்டில் உச்சி வெயிலில் காய்ந்த ஓடு, கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே உள்ள இடைவெளியைத் தாண்டி, பெரும்பாலும் கதிர்வீச்சாகவே வெப்பத்தைக் கீழே இறக்குகிறது. அலுமினியத் தாள் அந்தக் கதிர்வீச்சைத்தான் மட்டுப்படுத்துகிறது. பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் பாறைக் கம்பளியைவிட 5,000 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் ஓர் உலோகம் கூரையில் நமக்குத் துணைநிற்பது, அதன் பளபளப்பான முகம் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புவதாலும் தான் வாங்கிய வெப்பத்தை மிகக் குறைவாகவே வெளிவிடுவதாலும்தான். மூன்றாவது பிழையே பெரும்பிழை. ‘கடத்தாப் பொருள்’ என்று படித்தவர், பொருளை வாங்கி எப்படி வைத்தாலும் வேலை முடிந்துவிடும் என்று நம்பிவிடுகிறார். தாளின் பளபளப்பான முகத்துக்கு முன்னால் காற்றிடைவெளி இருக்க வேண்டும். ஏறத்தாழ 25 மில்லிமீட்டராவது வேண்டும். ஓட்டோடும் பலகையோடும் இருபுறமும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் தாள், சூட்டை அப்படியே கீழே கடத்திவிடும். அந்த முகம் கீழ்நோக்கி இருந்தால் தூசி படிந்து மங்காது என்பதையும் கூரை வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் பலர் சொல்வதில்லை. எழுதியவர் தவறான சொல்லைக் கொடுத்ததனால், வீட்டுக்காரருக்கு இதையெல்லாம் கேட்கவே தோன்றுவதில்லை.

ஆகவே, பொருளின் பண்பைச் சொல்லாமல் அது செய்யும் பணியைச் சொல்லும் பெயர் நமக்கு வேண்டும். ‘வெப்பக்காப்பு’ என்பது அத்தகைய பெயர். கம்பளியானாலும் தாளானாலும் அடைபட்ட காற்றானாலும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடும்.

இதற்கு ஒரு மறுப்பு எழுவதுண்டு. மெய்க்காப்பு என்றால் மெய்யைக் காப்பது; அப்படியானால் வெப்பக்காப்பு என்பது வெப்பத்தைப் போகவிடாமல் பேணிவைப்பதாகாதா, புழுங்கிச் சாகும் நமக்கு அது எதற்கு என்று கேட்கிறார்கள். காத்தல் என்பதற்குப் பேணுதல் என்ற ஒரு பொருளே உண்டு என்று நினைப்பதால் வரும் ஐயம் இது. ‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்’ என்கிறது 301ஆம் குறள். சினங்காப்பவன் சினத்தைப் பத்திரப்படுத்தி வைப்பவனா? பரிமேலழகர் அங்கே ‘தடுப்பான்’ என்றே உரை எழுதுகிறார். ‘நாகாக்க’ என்பதிலும் அடக்குதல் என்ற பொருளே நிற்கிறது. தன் போக்கில் பாயும் ஒன்றைப் பாயவிடாமல் நிறுத்துவதும் காத்தல்தான். குளிர்நாட்டு வீட்டில் வெப்பம் வெளியே பாயாமலும், பினாங்கு வீட்டில் உள்ளே பாயாமலும் காப்பதால், வெப்பக்காப்பு என்ற சொல் இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறது. இவ்வளவு வளமான வினைச்சொல்லை வைத்துக்கொண்டு, எதிர்மறைப் பெயரெச்சத்தில் ஒரு நீளத் தொடரைக் கட்டுவானேன்?

‘வெப்பத்தடை’ என்பாரும் உளர். அது நல்ல சொல்தான். ஆனால் மின்தடை என்பதைப் போல அளவைக் குறிக்கும் சொல். பொதிகளின் மேல் அச்சிட்டிருக்கும், வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ஆர்-மதிப்புக்கு அதை விட்டுவைக்க வேண்டும். கூரைக்கு ‘மின்காப்பு’ என்று எழுதுவதோ, அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டும் சோம்பல். மின்சாரத்துக்கு உரிய சொல்லைச் சூட்டுக்குப் போட்டுவிட்டு, வாசகர் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். கூரையில் ஏறிப் பார்க்காமலேயே கூரையைப் பற்றி மொழிபெயர்ப்பதன் விளைவு இது.

சட்டத்தின் கணக்கும் இந்தப் பக்கமே நிற்கிறது. மலேசியாவின் சீர்மைக் கட்டடத் துணைச்சட்டங்களின் 38ஏ பிரிவு, எடை குறைந்த கூரையின் யு-மதிப்பு 0.4ஐயும், கனத்த கூரையின் யு-மதிப்பு 0.6ஐயும் தாண்டக்கூடாது என்கிறது. ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக எத்தனை வாட் உள்ளே நுழைகிறது என்பதே இந்த அளவு. கடத்தல், காற்று நகர்ந்து சூட்டைச் சுமக்கும் வெப்பச்சலனம், கதிர்வீச்சு மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. எனவே அதைக் ‘கடத்துதிறன்’ என்று எழுதுவதும் பிழை. ‘வெப்ப ஊடுருவல்’ என்பதே பொருந்தும்.

தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் வீட்டைப் புதுப்பிக்கும் ஒருவர் குத்தகையாளரிடம் விலை கேட்கும்போது, ‘கூரைக்கு வெப்பக்காப்பு’ என்ற தலைப்பில் கம்பளியின் தடிமன், பளபளப்பான எதிரொளிப்புத் தாள், காற்றிடைவெளி ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லலாம். எதிரொளிப்புத் தாள் என்று எழுதினால், அந்தத் தாளுக்கு எதிரே இடம் விட்டார்களா என்ற கேள்வி தானாகவே எழும்.