‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

ஓர் இசைக்குழு ஏற்கெனவே வெளியிட்டுப் பேர் வாங்கிய பாடல்களை மட்டும் பொறுக்கியெடுத்து, மறுபடி ஒரே ஆல்பமாக விற்பதற்குப் பெயர்தான் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’. புதுப்பாட்டு ஒன்றிரண்டைச் சேர்த்துவிடுவதும் உண்டு. பழைய தட்டுகளை எல்லாம் வைத்திருப்பவரும் வாங்கியாக வேண்டுமே!

‘ஆல்பஸ்’ என்றால் இலத்தீனில் வெள்ளை. பழைய ரோமில் அரசு அறிவிப்புகளை எழுதிப் பொது இடத்தில் வைத்த வெள்ளைப் பலகைதான் முதல் ‘ஆல்பம்’. 16ஆம் நூற்றாண்டில், ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கிவைத்த ஏட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. அப்புறம் தபால்தலை, புகைப்பட ஏடுகளுக்கு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிட இசைதான் கொள்ளும். நீண்ட இசைக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்பட ஏடு போலவே உறைகளைச் சேர்த்துக் கட்டிய அட்டைப் புத்தகத்தில் வைத்து விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்டநேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்ததும் அத்தனையும் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. புத்தகம் போயிற்று, பெயர் நின்றுவிட்டது.

‘ஹிட்’ என்பது அடி. குறி தப்பாமல் பட்ட அடி என்ற பொருளிலிருந்து, மக்களிடம் எடுபட்ட நாடகத்துக்கும் பாட்டுக்கும் ஆகிவந்தது. ‘கிரேட்டஸ்ட்’, ‘ஹிட்ஸ்’ இரண்டையும் சேர்த்துத் தலைப்பாக்கியதில் பேர்போனது, 1958இல் அமெரிக்கப் பாடகர் ஜானி மாத்திஸுக்கு கொலம்பியா வெளியிட்ட தொகுப்பு. அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் இறங்கின.

இதில் உச்சம், அமெரிக்காவின் ஈகிள்ஸ் குழுவுக்கு அசைலம் நிறுவனம் 1976 பிப்ரவரியில் போட்ட தொகுப்பு. 1972 முதல் 1975 வரை வெளிவந்த பத்தே பாடல்கள். 2018இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் அதற்கு 38 பிளாட்டினம் சான்று அளித்தது. ஒரு பிளாட்டினம் பத்து லட்சம் என்றால், 3 கோடியே 80 லட்சம் பிரதிகளுக்குச் சமம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழு என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ அதில் கிடையாது. அந்தப் பாட்டு உள்ள ஆல்பம் வந்ததே அதே ஆண்டு டிசம்பரில்தான். மறுபக்கம், தனித்தட்டாக வெளிவராமல், அதுவரை ‘ஹிட்’ பட்டியலே ஏறாத ‘டெஸ்பராடோ’ பாட்டு உள்ளே இருக்கிறது! ஆக, எது ஹிட் என்பது தொகுப்பவர் கையில்.

அதனால்தான் ‘சிறந்த பாடல்கள்’ என்ற மொழிபெயர்ப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. ‘பெஸ்ட் ஆஃப்’ என்ற தலைப்புக்கு அது பொருந்தும். ஹிட் என்பது தரத்தைச் சொல்லவில்லை, விற்பனையைச் சொல்கிறது. அதற்கு ‘வெற்றிப்பாடல்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

தொகுக்கும் வேலைக்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. சங்க நூல்களில் ‘தொகுத்தவர்’ வேறு, ‘தொகுப்பித்தவர்’ வேறு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இசைத்தட்டு உலகில் அந்தச் சேர மன்னன் இடத்தில் இருப்பது பெரும்பாலும் நிறுவனம்தான். எட்டுத்தொகை வழியில் ‘வெற்றிப்பாடல் தொகை’ என்று வைக்க ஆசைதான். ஆனால் ‘தொகை’ என்றதும் இன்று பணம்தான் நினைவுக்கு வருகிறது. (இந்த வகை ஆல்பத்துக்கு அதுவும் பொருத்தமே.) ‘வெற்றிப்பாடல் தொகுப்பு’ என்றால் குழப்பமில்லை.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பிரிட்டனின் குவீன் குழு 1981இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயரே ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’. அப்படிப் பெயராக வரும்போது ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம். வகையைச் சுட்டும்போது, ‘குவீன் குழுவின் முதல் வெற்றிப்பாடல் தொகுப்பு’ என்று எழுதலாம். பேச்சில் ‘ஹிட்ஸ்’ போதும்.