‘ழ’ வராத பிள்ளையை விடுங்கள், வாய் திறக்காத பிள்ளையைக் காட்டுங்கள்

பள்ளிக்கூடத்துக்குள் நான் போனதும் டீச்சர்மார் கூட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே ரகம். ‘ர’ வராதவன், ‘ழ’ வராதவள், ‘ச’வுக்குப் பதில் ‘த’ சொல்பவன், கொன்னிக் கொன்னிப் பேசுபவன். காதில் விழுகிற குறை என்பதால் இவர்கள் சீக்கிரம் கண்ணில் பட்டுவிடுகிறார்கள். சுவரை ஒட்டி, யாருக்கும் தொந்தரவில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் கூட்டி வருவதில்லை. கேட்டால், “அவ நல்ல பிள்ளை மேடம், சத்தமே வராது” என்று பாராட்டு வேறு. திருநெல்வேலி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளிகளில் பேச்சு, மொழிப் பயிற்சியாளராக வேலை பார்க்கிறேன். எனக்கு அவசரமாகப் பார்க்க வேண்டியவள் அந்த நல்ல பிள்ளைதான்.

முதலில் ‘ழ’ விவகாரத்தை முடித்துவிடலாம். நம் பக்கத்தில் பல வீடுகளில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான். ஆச்சியும் அப்படித்தான் சொல்வாள், அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். அது ஊர்ப்பேச்சு, அதற்குப் பயிற்சி தேவையில்லை. வாசிக்கும்போது ‘ழ’ வேண்டுமானால் அதைத் தமிழாசிரியர் பாடமாகச் சொல்லிக் கொடுக்கலாம், குறையாக எழுதி வைக்கக் கூடாது. ர, ற, ழ மூன்றும் பிள்ளைகளின் நாக்கில் கடைசியில் படியும் ஒலிகள். எல்கேஜி பிள்ளை ‘மரம்’ என்பதை ‘மலம்’ என்றால் சிரிக்காமல் இருந்தாலே போதும். ஆனால் 4 வயது முடிந்தும் வெளியாள் ஒருவருக்குப் பிள்ளையின் பேச்சில் பாதிதான் புரிகிறது என்றால் காட்ட வேண்டும். நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறவர்கள் உண்டு. சொற்களே வராத பிள்ளைக்கு நாக்கை வெட்டிச் சொற்களை வரவழைக்க முடியாது.

இப்போது சத்தமில்லாத பிள்ளைக்கு வருவோம். ஒலிகளைச் சுத்தமாக உச்சரிக்கிற பிள்ளைக்குக் கேட்பது புரியாமல் இருக்கலாம். நாலு வாக்கியம் கோவையாகச் சொல்ல வராமல் இருக்கலாம். காது நன்றாகக் கேட்கும், அறிவில் குறை இருக்காது, ஆனாலும் தாய்மொழியே கைகூடாது. இதை மொழி வளர்ச்சிக் குறைபாடு என்கிறோம். இங்கிலாந்தில் பள்ளியில் சேரும் வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் நூற்றுக்கு ஏழு பேரளவில் இது இருந்தது. அந்தக் கணக்குப்படி 30 பேர் வகுப்பில் இரண்டு பேர். ஆட்டிசம் என்ற சொல் இன்று முக்கூடல் பஸ்ஸில்கூடக் காதில் விழுகிறது. அதைவிடப் பரவலான இந்தக் குறைபாட்டின் பெயரைப் பல ஆசிரியர்கள் என்னிடம்தான் முதன்முறையாகக் கேட்கிறார்கள்.

தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. பிள்ளை சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. “நோட்டை எடுங்க” என்றால் பக்கத்துப் பிள்ளை எடுப்பதைப் பார்த்து எடுக்கும். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் பாட்டு நடந்தால் எல்லோரோடும் சேர்ந்து கை ஆட்டும். தனியாகக் கேட்டால் சிரிக்கும், தலையாட்டும். அந்தத் திட்டத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் அது முதல் நிலையான அரும்பிலேயே நின்றுகொண்டிருப்பதற்கு, “வீட்ல சொல்லிக் குடுக்க ஆளில்ல மேடம்” என்று ஒரு காரணமும் தயாராக இருக்கும்.

நான் ஒரு பொம்மைப் பூனையும் ஒரு பொம்மை நாயும் வைத்திருக்கிறேன். “பூனை நாயைத் துரத்துது, செஞ்சு காட்டு” என்பேன். செய்யும். அடுத்து, “பூனையை நாய் துரத்துது.” ‘பூனையை’ என்பதில் வரும் அந்த ‘ஐ’ மனதில் ஏறாத பிள்ளை, முதலில் கேட்ட பூனையையே மறுபடியும் ஓடவிடும். இரண்டாம் வகுப்பில் இருந்துகொண்டு இந்த இடத்தில் தடுக்குகிற பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தின் வாக்கியம் எப்படிப் பிடிபடும்?

பிறகு கதை சொல்லச் சொல்வேன். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்த்துவிட்டு வந்த ஒரு பிள்ளை, “பஸ்ல போயி, எறங்கி நடந்து, தேரைப் பாத்துட்டு, அப்பா தோள்ல ஏறி, முட்டாய் வாங்கித் தின்னுட்டு வந்தோம்” என்று மூச்சுவிடாமல் சொல்லும். தமிழில் கதை அப்படித்தான் ஓடும். வினைமேல் வினை கோத்து, கடைசியில்தான் முற்று வைப்போம். அதே தேரைப் பார்த்த இன்னொரு பிள்ளை, “தேரு. பெருசு. அப்பா. அங்கன” என்று நிறுத்திவிடும். வெட்கம் என்று நினைப்பீர்கள். வெட்கப்படும் பிள்ளை பழகிய பிறகு கதை சொல்லும். இந்தப் பிள்ளைக்குப் பழகிய பிறகும் வராது.

கணக்கிலும் இதைப் பார்க்கலாம். 12இல் 5 கழிக்கத் தெரியும். “முத்துவிடம் 12 மிட்டாய் இருக்கிறது, அது ராணியிடம் இருப்பதைவிட 5 அதிகம், ராணியிடம் எத்தனை?” என்றால் கூட்டி 17 என்று எழுதும். ஆசிரியர் கணக்கு வரவில்லை என்று குறித்துக்கொள்கிறார். கணக்கு வந்திருக்கிறது, வாக்கியம்தான் வரவில்லை.

ஆனால் மொழியைப் பற்றி வாய் திறக்கும் முன் காதைப் பார்த்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் பாளையங்கோட்டையில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இன்றும் நடக்கிறது. அதனால் அறவே காது கேளாமை என்றால் என்னவென்று நம் ஜில்லாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அரைகுறையாகக் கேட்பதுதான் பிடிபடுவதில்லை. சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டால் பிள்ளைக்கு ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் மந்தமாக இருக்கும். வீட்டில், “வேணும்னே கேக்க மாட்டுக்கான்” என்று முதுகில் ஒன்று வைப்பார்கள். சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கும் பிள்ளை தாமிரபரணியில் முங்கிக் குளிக்கவும் கூடாது. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டிவிட்டு என்னிடம் வாருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உட்காதில் பொருத்தும் கேட்புக் கருவி, வைத்துக்கொண்ட பிள்ளைகளும் இப்போது சாதாரணப் பள்ளிகளில் படிக்கிறார்கள். கருவி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் வீடுகள் நிறைய. கருவி சத்தத்தைத்தான் கொடுக்கும். சத்தம் பேச்சாக வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். வகுப்பாசிரியருக்கு இதில் ஒரு நிமிட வேலை இருக்கிறது. காலையில் பிள்ளையிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்று, வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். வழக்கமாகச் சொல்வது இன்று வரவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்லும் பழக்கத்தையும் அந்த வகுப்பிலாவது விட்டுவிடுங்கள்.

திக்கிப் பேசும் பிள்ளைக்குப் பள்ளியில் மிகக் கஷ்டமான நேரம் எது என்று கேட்டால் பலர் வாசிப்பு என்பார்கள். நான் பார்த்தவரை வருகைப் பதிவுதான். “உள்ளேன் ஐயா” என்பதை மாற்றிச் சொல்ல வழியில்லை. வேறு இடத்தில் ‘உ’வில் திக்கினால் வேறு சொல்லுக்குத் தாவித் தப்பித்துவிடலாம், இங்கே தப்பிக்க முடியாது. தன் முறை நெருங்க நெருங்க உடம்பு இறுகும். வகுப்பே திரும்பிப் பார்க்கும். தினமும் காலையில் முதல் வேலையே இது என்றால், சில பிள்ளைகள் வேண்டுமென்றே தாமதமாக வருவதில் என்ன ஆச்சரியம்? அவன் கையைத் தூக்கினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு மட்டும் சலுகை என்று தெரியாமலிருக்க எல்லோருக்குமே அப்படி மாற்றிவிட்ட டீச்சர் ஒருவரை எனக்குத் தெரியும். வாசிப்புக்கும் வழி இருக்கிறது. இன்னொருவரோடு சேர்ந்து ஒரே குரலாக வாசிக்கும்போது திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். எனவே அந்த வகுப்பில் எல்லோரையும் இரண்டிரண்டு பேராக வாசிக்க விடலாம்.

“மெதுவா சொல்லு, பதறாத” என்று சொல்லாதீர்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்தும் கொடுக்காதீர்கள். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். வசம்பை நாக்கில் தேய்ப்பதாலும் கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்வதாலும் திக்கல் போகாது. கல் தொண்டைக்குள் போகும். பயந்ததால் வந்தது, பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துப் பழகிக்கொண்டான் என்பதும் சரியில்லை. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே விட்டுப்போகும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, ஒரு வருடம் தாண்டியும் நின்றாலோ காத்திருக்காமல் வர வேண்டும்.

காத்திருப்பது என்றதும் நம் மண்ணில் ஒரு பெரிய பெயர் குறுக்கே வரும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 5 வயது வரை பேசவில்லை, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து பாடினார் என்பது எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. பேசாத பிள்ளையின் தாத்தாக்கள் இதை என்னிடம் சொல்லாமல் இருப்பதில்லை. செந்தூருக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். பயிற்சியையும் கூடவே தொடங்குங்கள் என்பேன். 2 வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளையை 5 வயது வரை பார்த்துக்கொண்டிருந்தால் போவது மொழியை எளிதாகப் பிடித்துக்கொள்ளும் வயது. “இவங்க அப்பாவே லேட்டாத்தான் பேசினாரு” என்ற ஆறுதலும் எனக்கு ஆறுதல் இல்லை. குடும்ப வழியாக வருகிறது என்பதற்குச் சாட்சி.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் தாய்மாரைக் குற்றம் சொல்வது எளிது. மடியில் சுளகு, பிள்ளை கையில் போன். போனைப் பிடுங்குங்கள் என்று உபதேசம் செய்தால் அன்றைய கூலியை யார் கொடுப்பார்கள்? நான் கேட்பது வேறு. கை வேலையாக இருக்கிறது, வாய் சும்மாத்தான் இருக்கிறது. புகையிலைத் தூள் படாத தூரத்தில் பிள்ளையை உட்காரவைத்து, கண்ணில் படுவதைச் சொல்லிக்கொண்டே இருங்கள். “இது என்ன, அது என்ன” என்று பரீட்சை வைக்க வேண்டாம். “அந்தா ஆடு வருது. குட்டியும் வருது. நம்ம செடியத் திங்கப் போவுது” என்று விட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒருநாள் “சூ” என்று பிள்ளை விரட்டும். அதுவும் பதில்தான்.

இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டோம், வீட்டிலும் இங்கிலீஷே பேசட்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். உங்களுக்குச் சண்டை போடவும் கொஞ்சவும் வருகிற மொழி எதுவோ அதைப் பேசுங்கள். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாவதில்லை.

ஆசிரியர்களிடம் நான் எப்போதும் கேட்டுக்கொள்வது இரண்டு. கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும்வரை பதிலுக்குக் காத்திருங்கள். மூன்று வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இடையில் ஒன்று: தகரக்கூரைக்குக் கீழே, ஃபேன் சத்தத்துக்கு மேலே நாள் முழுக்கக் கத்தும் உங்கள் குரலும் என் வேலைக்குள் வருவதுதான். தொண்டைக் கட்டு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் மிளகும் பனங்கற்கண்டும் போதாது, டாக்டரிடம் காட்டுங்கள்.

யாரிடம் போவது? பள்ளித் தலைமையாசிரியர் மூலமாக வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பிடியுங்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வண்டியில் வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். பேச்சு, மொழிக் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. உதவி கேட்பதில் தயக்கம் வேண்டாம். தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மூன்று மாதத்தில் பேசவைக்கிறோம் என்று உத்தரவாதம் தருகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வரும்போது காது பார்த்த சீட்டையும் பிள்ளையின் நோட்டையும் கொண்டுவாருங்கள். ஆச்சியோடு வீட்டில் பேசும்போது தெரியாமல் எடுத்த ஒரு நிமிட வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. என் முன்னால் அந்தப் பிள்ளை எப்படியும் முதல்நாள் பேசப்போவதில்லை.