மைனர்: சொத்துக்காக வந்த சொல்

‘மைனர்’ என்று தமிழில் சொன்னால் இரண்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். ஒருவர் சில்க் ஜிப்பா, கழுத்தில் மைனர் செயின், வாயில் வெற்றிலை என்று திரிபவர். வயது முப்பதுக்குக் குறையாது. இன்னொருவர் கிரயப் பத்திரத்தில் வருபவர்: ‘மைனர் குமாரனுக்காகத் தாயாரும் கார்டியனுமான...’ என்று தொடங்கும் வரியில் பெயர் மட்டும் இருக்கும், கையெழுத்து இருக்காது. சில சமயம் அந்த ஆள் பால்குடி மறக்காத பிள்ளையாகக்கூட இருக்கலாம். இந்த இருவரும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடிவந்தார்கள்?

மூலம் லத்தீன். அங்கே ‘மினோர்’ என்றால் ‘இன்னும் சிறியது’ என்று பொருள். நாம் கணக்கில் போடும் மைனஸும் அதே குடும்பம்தான். ஆங்கிலச் சட்டம் அதை எடுத்து, உரிய வயதை எட்டாதவருக்குப் பெயராக வைத்தது. நம்மிடம் அது வந்த வழிதான் சுவாரஸ்யமானது. ஜமீன்தார் இறந்துவிடுவார், வாரிசு சின்னப் பையனாக இருப்பான். ஜமீனிலிருந்து வரவேண்டிய வரி நின்றுபோகக் கூடாதே! சென்னை மாகாணத்தில் 1804-லேயே இதற்கென ஒரு ஒழுங்குவிதி போட்டு, ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்ற அமைப்பு அப்படிப்பட்ட ஜமீன்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பையனைப் படிக்க வைப்பதும் அதன் வேலை. சென்னை தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்ற பங்களாவில் ஜமீன் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள்.   

நமக்கு வேண்டியது 1875-ம் ஆண்டு இந்திய வயதுவந்தோர் சட்டம். எல்லோருக்கும் 18 வயது முடிந்தால் மைனர் பட்டம் போய்விடும் என்றது அது. ஆனால் கோர்ட் ஆஃப் வார்ட்ஸின் பொறுப்பிலோ நீதிமன்றம் நியமித்த காப்பாளரிடமோ இருப்பவர்களுக்கு மட்டும் 21. (இந்த 21 கணக்கை எடுத்தது 1999-ல்தான்.) ஆக, மீசை முளைத்து, குதிரை வண்டியில் போய், கைநிறையப் படிக்காசு வாங்கிச் செலவழித்த இருபது வயது இளைஞரும் சட்டப்படி மைனர்தான். பணம் உண்டு, பொறுப்பு இல்லை. பேச்சுத் தமிழின் மைனர் அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். வயது கழன்றுபோய், பகட்டு மட்டும் சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

இந்தக் கதையிலிருந்து ஒன்று தெரிகிறது. மைனர் என்பது பிள்ளையைப் பற்றிய கவலையில் பிறந்த சொல் அல்ல, பிள்ளையின் சொத்தைப் பற்றிய கவலையில் பிறந்தது. இன்றைக்கும் சட்டத்தில் அந்த வாசனை அடிக்கிறது.

1903-ல், அன்றைய இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மைனர் ஒருவர் 20,000 ரூபாய்க்கு அடமானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று முடிந்தது. யாரும் போய் ரத்து கேட்கக்கூட வேண்டாம், அது பிறக்கவே இல்லை என்று அர்த்தம். சரி, அதே வயதில் நடக்கும் கல்யாணம்? 2006-ம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்தி வைத்தவர்களுக்குத் தண்டனை உண்டு, ஆனால் கல்யாணம் தானாகச் செல்லாமல் போவதில்லை. கடத்தி வந்தது, விற்றது போன்ற சில நிலைகளில்தான் அது அடியோடு செல்லாது. மற்றபடி அந்தப் பெண்ணே நீதிமன்றம் போய் ரத்து கேட்க வேண்டும், அதுவும் 18 முடிந்து இரண்டு ஆண்டுக்குள். அவளுடைய நிலத்தைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால் வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம். அடமானம் செல்லவே செல்லாது, நிலத்துக்கு மூன்று ஆண்டு, அவளுக்கு இரண்டு ஆண்டு. பத்திரம் எழுதுகிறவர் ‘மைனர் பாகம் ஏதும் இருக்கா?’ என்று இரண்டு முறை கேட்பார். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் அப்படிக் கேட்பதில்லை.

இந்த இடத்தில் தமிழும் கொஞ்சம் காலை வாரிவிடுகிறது. ‘வயது வந்த பெண்’ என்றால் 18 முடிந்தவள். ‘வயதுக்கு வந்த பெண்’ என்றால் பூப்பெய்தியவள், பன்னிரண்டு பதின்மூன்று வயதாக இருக்கலாம். நடுவில் இருப்பது ஒரே ஒரு ‘க்கு’. ‘பொண்ணு வயசுக்கு வந்துட்டா, இனி என்ன?’ என்ற பேச்சு அந்த ‘க்கு’வைத் தாண்டிக் கல்யாணத்துக்குள் போய்விடும். அதனால்தான் மைனருக்கு ‘பருவமடையாதவர்’ என்று சிலர் எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. சட்டம் தடுக்க நினைக்கும் குழப்பத்தையே அந்தச் சொல் கையில் எடுத்துக் கொடுக்கிறது.

சட்டமே ஒரே வயதைச் சொன்னதா என்றால், அதுவும் இல்லை. 15 வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரைக்கும்தான், அவள் அதைத் தாண்டிவிட்டாள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் ‘குழந்தை’ என்றால் 14 நிறையாதவர். அவள் அங்கே ‘வளரிளம் பருவத்தினர்’, சுரங்கம், வெடிபொருள் போன்ற அபாயமான தொழில்களுக்கு மட்டும்தான் தடை. 14 நிறையாத தம்பிக்காவது முழுத் தடை உண்டா? 2016 திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. குடும்பம் என்பதில் அப்பா அம்மா மட்டும் இல்லை, சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா எல்லோரும் அடக்கம். மாமா பட்டறையில் பையன் உதவுகிறானா, வேலை பார்க்கிறானா என்பதை எந்த ஆய்வாளர் வாசலில் நின்று பிரித்துச் சொல்வார்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் அந்தச் சிறுமி குழந்தைதான், 18 வரைக்கும். ஆனால் 2012-ல் போக்சோ வந்த பிறகும், மணமாகிவிட்டால் 15 வயதுக்கு மேற்பட்ட மனைவியிடம் கணவன் செய்வது வன்புணர்ச்சி ஆகாது என்ற விலக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் அப்படியே கிடந்தது. அந்த 15-ஐ 18 என்று உச்ச நீதிமன்றம் திருத்தி வாசித்தது 2017 அக்டோபரில். தாலி ஏறியதும் குழந்தை குழந்தையாக இல்லாமல் போன ஐந்து ஆண்டுகள் அவை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சட்டத் தமிழில் ‘இளவர்’ என்று எழுதுகிறார்கள். சுருக்கமான, நல்ல சொல்தான். சொத்து, காப்பாளர் விஷயங்களுக்குப் பொருந்தும். ‘உரிய வயதடையாதவர்’ என்பது நீளம், ஆனால் பிழையில்லை. குற்றம், பாதுகாப்பு பற்றிய பேச்சில் ‘சிறார்’ அல்லது ‘குழந்தை’ போதும். குழந்தை என்றால் தொட்டிலில் கிடப்பது என்று சிலர் தயங்குவார்கள். ‘மழவும் குழவும் இளமைப் பொருள’ என்கிறது தொல்காப்பியம். குழ என்றாலே இளமைதான், தொட்டில் அதில் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் சிறார் வழக்குகளை விசாரிக்கும் அமைப்புக்கு ‘இளைஞர் நீதிக் குழுமம்’ என்று பெயர். இளைஞரணிகளில் நாற்பதைத் தொட்டவர்கள் இருக்கும் ஊரில், 13 வயதுப் பையனை அந்தப் பெயருக்குக் கீழே நிறுத்துவது எனக்கு ஒட்டவில்லை. அப்புறம், 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தில் 16 முதல் 18 வரை உள்ளவர்கள் கொடுங்குற்ற வழக்கில் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட வழி இருக்கிறது. அந்தப் பெயர் அதற்குத் தோதாக அமைந்துவிட்டதோ என்றும் தோன்றும்.

செய்தி எழுதுகிறவர்கள் கவனிக்க ஒன்று. ‘மைனர் பெண்ணை மணந்த வாலிபர்’ என்ற தலைப்பில் ஒரு பெண் இருக்கிறாள், ஒரு வாலிபர் இருக்கிறார், குழந்தை எங்குமே இல்லை. ‘மைனர் சிறுமி’ என்று எழுதினால் கூறியது கூறல், பெரிய சிறுமி என்று யாரும் கிடையாது. ‘15 வயதுச் சிறுமி’ என்று எண்ணைப் போட்டுவிட்டால் எந்தச் சொல்லுக்கும் வேலை இல்லை. மைனர் செயின் மட்டும் நகைக்கடையில் இருந்துவிட்டுப் போகட்டும்.