பதவியில் இருக்கும் ஜனாதிபதி மறுபடி வாக்குக் கேட்டால்: இலங்கைச் சட்டம் சொல்வது என்ன?

2009 மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் மஹிந்த ராஜபக்ச ஜனாதிபதித் தேர்தலுக்கு அழைப்பு விட்டார். உண்மையில் அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் மிச்சம் இருந்தன. 2005 நவம்பரில் பதவியேற்றவர், அப்போதிருந்த ஆறு ஆண்டுக் கணக்குப்படி 2011 நவம்பர் வரை தேர்தல் பற்றி யோசிக்கவே தேவையில்லை. ஆனால் தெற்கில் அவருடைய செல்வாக்கு உச்சத்தில் இருந்த நேரம் அது. 2010 ஜனவரி 26 அன்று வாக்களிப்பு நடந்தது. மஹிந்தவுக்கு 57.88 வீதம், போரின்போது இராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகாவுக்கு 40.15 வீதம். யாழ்ப்பாண மாவட்டத்தில் நான்கு பேரில் ஒருவர்தான் வாக்களிக்கப் போனார்.

ஒரு ஜனாதிபதி தனக்குச் சாதகமான நேரம் பார்த்துத் தேர்தல் வைக்கலாமா? வைத்துத் தோற்றால் மிச்சக் காலம் என்ன ஆகும்? எத்தனை தடவை போட்டியிடலாம்? ஒவ்வொரு தேர்தலிலும் இந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றோடு சேர்த்து, வாக்காளர் கையில் இருந்தும் பெரும்பாலும் பயன்படாமல் கிடக்கும் ஓர் உரிமையையும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

நேரத்தைத் தெரிவு செய்யும் சலுகை

1978 அரசியலமைப்பு முதலில் எழுதப்பட்டபோது இந்தச் சலுகை அதில் இல்லை. 1982 ஓகஸ்டில் வந்த மூன்றாவது திருத்தம்தான் இதைக் கொண்டுவந்தது. முதல் பதவிக்காலம் தொடங்கி நான்கு ஆண்டுகள் நிறைந்த பிறகு, இன்னொரு தவணைக்கு மக்கள் ஆணை கேட்கிறேன் என்று ஜனாதிபதி ஒரு பிரகடனம் செய்யலாம். உடனே தேர்தல் ஆணைக்குழு ஏற்பாடுகளைத் தொடங்கிவிடும். ஜே.ஆர். ஜயவர்தன ஜனாதிபதியானது 1978 பெப்ரவரி 4 இல். திருத்தம் வந்தபோது அவருக்கு நான்கு ஆண்டுகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரியான சட்டம் என்றுதான் இதை நான் பார்க்கிறேன். 1982 ஒக்டோபர் 20 இல் தேர்தல் நடந்தது, 52.91 வீதத்துடன் அவர் வென்றார்.

அதற்குப் பிறகு 1999 இல் சந்திரிகா குமாரதுங்க, 2010 இலும் 2015 இலும் மஹிந்த என்று இந்தச் சலுகை பயன்பட்டது. ஆக மொத்தம் நான்கு தடவை. மூன்று தடவை அழைத்தவரே வென்றார். நான்காவது தடவை தோற்றார்.

அந்த நான்காவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மஹிந்தவின் இரண்டாவது பதவிக்காலம் 2010 நவம்பர் 19 இல் தொடங்கியது. 2014 நவம்பர் 19 உடன் நான்கு ஆண்டுகள் நிறைந்தன. மறுநாளே பிரகடனம் வந்தது. அதற்கு அடுத்த நாள், அவருடைய அமைச்சரவையிலேயே சுகாதார அமைச்சராகவும் கட்சியின் பொதுச் செயலாளராகவும் இருந்த மைத்திரிபால சிறிசேன பொது வேட்பாளராக வெளியே வந்தார். 2015 ஜனவரி 8 இல் மைத்திரிபாலவுக்கு 51.28 வீதம், மஹிந்தவுக்கு 47.58 வீதம். 2016 நவம்பர் வரை இருந்திருக்கக்கூடியவர் வீட்டுக்குப் போனார். சட்டம் இதில் மிகத் தெளிவு: முன்கூட்டியே வைத்த தேர்தலில் வேறொருவர் வென்றால், முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே அவருடைய காலம் தொடங்கும். தோற்றவருக்கு மிச்சக் காலம் என்று ஒன்று கிடையாது.

சரி, அழைத்தவரே வென்றால்? அப்போது புதிய காலம் உடனே தொடங்காது. முதல் பதவிக்காலம் எந்தத் திகதியில் தொடங்கியதோ, தேர்தலுக்குப் பிறகு அதே திகதி வரும் நாளில்தான் தொடங்கும். அதனால்தான் 2010 ஜனவரியில் வென்ற மஹிந்த, உயர் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டுவிட்டு, அந்த ஆண்டு நவம்பர் 19 வரை காத்திருந்து மறுபடி சத்தியப்பிரமாணம் செய்தார். சந்திரிகாவுக்கு இதே கணக்கு வேறு மாதிரி முடிந்தது. 1999 டிசம்பரில் வென்றவுடன் பதவியேற்றார். பிறகு, தன் இரண்டாவது காலம் 2000 நவம்பரில்தான் தொடங்கியது, ஆகவே 2006 வரை இருக்கலாம் என்ற வாதம் எழுந்தது. 2005 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1999 டிசம்பரிலிருந்தே எண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2005 நவம்பரில் தேர்தல் நடந்தது அப்படித்தான்.

எத்தனை தடவை?

இரண்டு. 1978 இலிருந்து இதுதான் விதி. 2010 செப்டம்பரில் பதினெட்டாவது திருத்தம் இந்த வரம்பை எடுத்துவிட்டது. மஹிந்த மூன்றாவது முறை போட்டியிட முடிந்தது அதனால்தான். 2015 இல் பத்தொன்பதாவது திருத்தம் வரம்பைத் திரும்பக் கொண்டுவந்ததோடு, பதவிக்காலத்தையும் ஆறு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. இன்றும் அதுவே நடைமுறை. இரண்டு தடவைக்கு மேல் இல்லை என்பதால், முன்கூட்டியே தேர்தலுக்குப் போகும் சலுகையும் இப்போது முதல் பதவிக்காலத்துக்குத்தான் உதவும்.

இங்கே ஒரு நுணுக்கம். சட்டம் எண்ணுவது மக்களால் தெரிவு செய்யப்பட்ட தடவைகளை மட்டும். போட்டியிட்டுத் தோற்றது கணக்கில் வராது. 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச பதவி விலகிய பின் ரணில் விக்ரமசிங்கவைத் தெரிவு செய்தது பாராளுமன்றம், மக்கள் இல்லை. ஆகவே அது ஒரு தடவையாகக் கணக்கிடப்படாது.

இப்போதைய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பர் 23 இல் பதவியேற்றார். சட்டம் இப்படியே இருந்தால், அவருடைய ஐந்து ஆண்டுகள் 2029 செப்டம்பரில் முடியும். முன்கூட்டியே மக்களிடம் வர விரும்பினால் 2028 செப்டம்பருக்குப் பிறகுதான் முடியும். இந்தத் திகதிகளைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நாளை "தேர்தல் வரப் போகுதாம்" என்று ஊரில் கதை கிளம்பினால், வரக்கூடிய காலமா இல்லையா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

உங்கள் வாக்குச்சீட்டில் மூன்று இடங்கள்

எங்கள் மாமி ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலுக்கும் முதல் நாள் இரவு இதே கேள்வியைக் கேட்பார்: "தம்பி, மூண்டு பேருக்கும் இலக்கம் போட்டா வோட்டு பழுதாப் போயிடுமோ?"

பழுதாகாது மாமி. அது உங்கள் உரிமை.

ஜனாதிபதியாவதற்கு மற்ற எல்லோரையும்விட அதிக வாக்கு எடுத்தால் மட்டும் போதாது. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். யாருக்கும் அது கிடைக்காவிட்டால் இன்னொரு நாள் மறுபடி வாக்களிக்கக் கூப்பிட மாட்டார்கள். அதே சீட்டுகளை வைத்தே இரண்டாவது தடவை எண்ணுவார்கள். அதற்காகத்தான் வாக்குச்சீட்டில் 1 போட்டவருக்கு அடுத்ததாக உங்களுக்கு விருப்பமானவருக்கு 2, அதற்கும் அடுத்தவருக்கு 3 என்று போட இடம் தந்திருக்கிறார்கள். (மூன்று பேர் மட்டும் போட்டியிட்டால் 2 வரைக்கும்தான்.) ஒருவருக்கு மட்டும் புள்ளடி போட்டாலும் வாக்கு செல்லும், அது 1 என்றே எடுக்கப்படும்.

இரண்டாவது எண்ணிக்கையில் முதல் இரண்டு இடங்களில் வந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். மற்ற எல்லோரும் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளை மட்டும் எடுத்து, 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். அந்த 2 மிஞ்சியிருக்கும் இருவரில் ஒருவருக்கு என்றால் அவரிடம் சேரும். இல்லையென்றால் 3 ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அந்தச் சீட்டு அத்துடன் ஓரமாக வைக்கப்படும்.

2 போட்டால் நான் 1 போட்டவரின் வாக்கு குறைந்துவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். குறையவே குறையாது. நீங்கள் 1 போட்டவர் முதல் இரண்டு இடங்களில் இருந்தால் உங்கள் 2 ஐயும் 3 ஐயும் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் நீக்கப்பட்ட பிறகுதான் அவை உயிர் பெறுகின்றன.

பல காலம் இந்த விதி காகிதத்திலேயே இருந்தது, ஏனென்றால் 1982 இலிருந்து 2019 வரை ஒவ்வொரு தேர்தலிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். 1988 இலும் 2005 இலும் மயிரிழை. 2005 இல் மஹிந்தவுக்கு 50.29 வீதம். பாதிக்கு மேல் இருந்தது ஏறத்தாழ 28,600 வாக்குகள்தான். அந்தத் தேர்தலில் புலிகளின் புறக்கணிப்பு அழைப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை.

2024 செப்டம்பர் 21 இல்தான் முதன்முதலாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. அநுரவுக்கு 5,634,915 வாக்குகள், அதாவது 42.31 வீதம். சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035, அதாவது 32.76 வீதம். பதவியில் இருந்தபடியே போட்டியிட்ட ரணில் 17.27 வீதத்துடன் மூன்றாவதாக வந்து நீக்கப்பட்டார். தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு 226,343 வாக்குகள். அவரும் மற்றவர்களும் நீக்கப்பட்டார்கள். நீக்கப்பட்ட எல்லோருக்கும் விழுந்த முதல் விருப்பு வாக்குகள் சேர்ந்தால் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 வாக்குகள் போய்ச் சேர்ந்தன. இரண்டையும் கூட்டினால் 273,131.

33 இலட்சத்தில் இரண்டே முக்கால் இலட்சம் கூட இல்லை. நூற்றுக்கு எட்டுப் பேர் அளவு. மற்ற முப்பது இலட்சம் பேரின் சீட்டுகளும், கடைசியில் எஞ்சிய இருவரில் யார் வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. இருவரும் வேண்டாம் என்று தெரிந்தே விட்டவர்கள் அவர்களில் இருக்கலாம், அது அவர்கள் விருப்பம், மதிக்கிறேன். ஆனால் மாமியைப் போல, பழுதாகிவிடும் என்று பயந்து விட்டவர்கள் எத்தனை பேர்? அதுதான் எனக்கு வலிக்கிறது.

முக்கியமாக எங்கள் ஆட்களுக்கு இது பெரிய விடயம். அரியநேத்திரனுக்கு 1, ரணிலுக்கு 2, சஜித்துக்கோ அநுரவுக்கோ 3 என்று ஒருவர் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் இருவரும் நீக்கப்பட்டதால் அந்த 3 தான் கடைசித் தீர்ப்பில் சேர்ந்திருக்கும். மனதில் இருப்பவருக்கு முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு, நாட்டை ஆளப் போகிறவர் யார் என்பதிலும் ஒரு சொல் சொல்லலாம். இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வாக்கு உண்மையில் பழுதாவது வேறு காரணங்களால். ஒருவருக்கு மேல் 1 போடுவது, 1 யாருக்கும் போடாமல் 2, 3 மட்டும் போடுவது, பலருக்குப் புள்ளடி போடுவது, கையெழுத்து மாதிரி ஆளை அடையாளம் காட்டும் எதையாவது எழுதுவது. இலக்கம் என்றால் இலக்கம், புள்ளடி என்றால் ஒரே ஒரு புள்ளடி. இரண்டையும் கலக்க வேண்டாம். 2024 இல் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மட்டும் மூன்று இலட்சம்.

அரச வாகனமும் அரச தொலைக்காட்சியும்

பதவியில் இருப்பவர் போட்டியிடும்போது அரச வளங்கள் பிரசாரத்துக்குப் போவது பழைய மனக்குறை. அரச சொத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று பணிக்கவும், அரச ஊடகங்களுக்கு வழிகாட்டல் விடவும் தேர்தல் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. 2023 இல் வந்த தேர்தல் செலவினச் சட்டப்படி 2024 இல் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். முடிவு வந்து 21 நாட்களுக்குள் வேட்பாளர்கள் கணக்குக் காட்டவும் வேண்டும். பெரிய கட்சிகளின் செலவைப் பார்க்கும்போது இது போதாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் முன்பு இந்தளவுகூட இருக்கவில்லை. அரச வாகனத்தில் பிரசாரம் போவதைக் கண்டால், மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

அப்புறம், வாக்களிப்பு நிலையத்துக்குப் போகும்போது வாக்காளர் அட்டை கையில் இல்லை என்று திரும்பி வர வேண்டாம். இடாப்பில் பெயர் இருந்தால் போதும், அட்டை கட்டாயம் இல்லை. அடையாளத்துக்குத்தான் ஆவணம் வேண்டும்: தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை, இவற்றில் ஒன்று. எதுவும் இல்லாதவர்கள் தேர்தலுக்கு முன்பே கிராம உத்தியோகத்தரிடம் சொன்னால் தற்காலிக அடையாள அட்டைக்கு ஏற்பாடு செய்வார்.