ஈஸ்ட்ரோஜன்: ‘பெண்மை ஹார்மோன்’ என்னும் பிழைபெயர்ப்பு

கரு வளர்ச்சியில் மரபணுக்கள் இயங்கும் விதத்தைப் பற்றிய ஒரு மூலக்கூற்று உயிரியல் கட்டுரையின் தமிழாக்கத்தில், ‘பெண்மை ஹார்மோன் கட்டுப்படுத்தும் பெண்மை மரபணுக்கள்’ என்ற தொடரை அண்மையில் படிக்க நேர்ந்தது. மூலக் கட்டுரை பேசியது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனால் தூண்டப்படும் மரபணுக்களைப் பற்றி. ‘பெண்மை ஹார்மோன்’ என்பதைத் தொலைக்காட்சி மருத்துவ நிகழ்ச்சிகளிலும் வார இதழ்களின் உடல்நலப் பக்கங்களிலும் நெடுங்காலமாகக் கேட்டுச் சலித்திருக்கிறோம். ஒரு வேதிப்பொருளுக்குத் தவறாக வைத்த பெயர் இப்போது அது தொடும் மரபணு, அதைப் பற்றிக்கொள்ளும் புரதமாகிய ஏற்பி, பிற புரதம் எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருப்பதால், இனியும் வாளாவிருப்பது முறையன்று.

சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் ‘ஒய்ஸ்ட்ரோஸ்’ என்பது மாட்டைக் கடித்து மிரண்டோடச் செய்யும் ஈக்கும், அதனால் எழும் வெறிக்கும் பெயர். இலத்தீன் வழியாக வந்து, பெண் விலங்கு இணையை நாடும் பருவத்தைக் குறிக்கும் கலைச்சொல் ஆயிற்று. ‘ஜென்’ என்னும் ஈறு ‘உண்டாக்குவது’ என்று பொருள்படும். 1923இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி ஆகிய இருவரும், பன்றியின் சினைப்பையிலிருந்து எடுத்த நீரைச் சினைப்பை நீக்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் பிறப்புவழி உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, அவை மீண்டும் பருவத்துக்கு வந்ததை மெய்ப்பித்தார்கள். 1929இல் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனாண்ட்டும் தனித்தனியே, கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோஜன் வகைகளுள் ஒன்றான ஈஸ்ட்ரோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். ஆக, பெயர் சொல்வது அப்பொருள் செய்து காட்டிய வேலையை மட்டுமே; பெண் என்ற சொல்லோ பெண்மை என்ற கருத்தோ அதன் எந்தப் பகுதியிலும் இல்லை.

அப்படியானால் பெண்மை எங்கிருந்து வந்தது? டெஸ்டோஸ்டீரோன் முதலிய ஹார்மோன்களைக் குறிக்கும் ‘ஆண்ட்ரோஜன்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்றே கருதுகிறேன். அதில் உள்ள ‘ஆண்ட்ரோ’ கிரேக்கத்தில் ஆணைக் குறிப்பதால், அதனை ‘ஆண்மையூக்கி’ என்று பெயர்த்ததில் சொல்லளவில் பிழை இல்லை. ஒரு பக்கம் ஆண்மை என்று எழுதிவிட்ட மொழிபெயர்ப்பாளர், மறுபக்கம் பெண்மை என்று எழுதினால் இணை பொருந்திவிடும் என்று எண்ணியிருக்கிறார். செய்யுளுக்கு எதுகை அழகு சேர்க்கலாம். கலைச்சொல்லாக்கத்தில் அது உண்மைக்குக் கேடு. மேலும், தமிழில் பெண்மை என்பது வெறும் உடற்கூற்றுச் சொல் அன்று. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று ஒரு நீண்ட மரபு ஏற்றிவைத்த சுமை முழுவதையும் தாங்கிய சொல் அது. அதை ஒரு ஸ்டீராய்டு மூலக்கூற்றின் நெற்றியில் ஒட்டினால், படிப்பவர் அந்த மூலக்கூற்றைப் புரிந்துகொள்வதில்லை. ஏற்கெனவே தாம் நம்பியதை உறுதிசெய்துகொள்கிறார்.

உண்மைகள் அப்பெயருக்கு இடம் தருவதில்லை. 1934இலேயே பெர்ன்ஹார்ட் சோண்டெக், ஆண் குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் மிகப் பெருமளவில் இருப்பதை வெளியிட்டார். 1994இல் அமெரிக்காவில் பதிவான ஒரு நோயாளியின் நிலை இன்னும் தெளிவானது. 28 வயதான அந்த ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு பழுதுபட்டிருந்தது. டெஸ்டோஸ்டீரோன் இயல்பான அளவில் இருந்தும், எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடாமல் 204 சென்டிமீட்டர் உயரத்துக்கு வளர்ந்திருந்தார், எலும்புகளோ அடர்த்தி குறைந்திருந்தன. ஓர் ஆணின் எலும்பு முதிர்ச்சியடைய வேண்டியிருந்த பொருளுக்குப் பெண்மை என்று பெயரிட்டால், அவருக்கு நேர்ந்ததை அவரிடமே எப்படி விளக்குவது? ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்டவை. அப்படிச் சொல்லும் ஆய்வறிக்கையைக் கையில் வாங்கும் நோயாளியிடம் ‘உங்களிடம் பெண்மை ஏற்பி இருக்கிறது’ என்று சொல்வது கொடுமை.

கருவுற்ற காலத்தையே எடுத்துக்கொள்வோம். அப்போது பெருகும் ஈஸ்ட்ரியோல் என்னும் ஈஸ்ட்ரோஜன் வகையைத் தாயின் சினைப்பை தனியே சுரந்து தருவதில்லை. கருவின் அட்ரீனல் சுரப்பி மூலப்பொருளைத் தருகிறது, கருவின் கல்லீரல் அதைப் பக்குவப்படுத்துகிறது, நஞ்சுக்கொடி அதை ஈஸ்ட்ரியோலாக மாற்றித் தாயின் குருதிக்கு அனுப்புகிறது. கரு ஆணாக இருந்தாலும் நடப்பது இதுவே. மகனின் உடலிலிருந்து தாய்க்கு வரும் இப்பொருள் யாருடைய பெண்மை?

‘பெண்மை மரபணு’ என்ற பெயர்ப்பு இதைவிடப் பெரிய பிழை. சுவிட்சர்லாந்தின் மூலக்கூற்று உயிரியலாளர் வால்டர் வாலியும் அவருடன் பணியாற்றியவர்களும், கருவியலாளர்கள் விரும்பிப் பயன்படுத்தும் செனோபஸ் தவளையில், வைட்டலோஜெனின் என்னும் புரதத்தின் மரபணுக்கள் ஒரு சிறு குடும்பமாக அமைந்திருப்பதை 1979இல் காட்டினார்கள். முட்டைக்குள் வளரும் கருவுக்கு உணவாகும் மஞ்சள் கருவின் முன்னோடிப் புரதம் இது. பெண் தவளையின் கல்லீரல் ஈஸ்ட்ரோஜனின் தூண்டலால் இதை உருவாக்குகிறது. ஆண் தவளைக்கோ சேவலுக்கோ எஸ்ட்ரடையோல் என்னும் ஈஸ்ட்ரோஜன் வகையைச் செலுத்தினால், அவற்றின் கல்லீரலும் இதே புரதத்தை உருவாக்கத் தொடங்கிவிடும். மரபணு இரு பாலிலும் உண்டு. பெண்ணிடம் உள்ளதும் ஆணிடம் இல்லாததும் அதை எழுப்பும் அளவுக்கான ஈஸ்ட்ரோஜன் மட்டுமே. பின்னர் 1986இல், ஏற்பி எந்த இடத்தைப் பற்றிக்கொண்டு இம்மரபணுவை எழுப்புகிறது என்பதும் தெரிந்தது. டி.என்.ஏ.வில் பதின்மூன்று எழுத்துகள்: ஜி, ஜி, டி, சி, ஏ, நடுவில் எவையாயினும் மூன்று, பிறகு டி, ஜி, ஏ, சி, சி. டி.என்.ஏ.வின் எதிர் இழையை அதன் திசையில் படித்தாலும் இருபுறத்து ஐந்தெழுத்துகளும் இதே வரிசையில் வரும். இத்தகைய அமைப்புக்கு ‘முன்பின் ஒத்த வரிசை’ என்றெல்லாம் புதிதாகப் புனைய வேண்டியதில்லை; நம் யாப்பில், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் செய்யுளுக்கு உரிய மாலைமாற்று என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. இதைப் போன்ற இடங்களில்தான் தமிழின் செல்வத்தை எடுத்தாள வேண்டும்.

டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மருந்தைப் பற்றி எழுதும்போது ‘பெண்மை ஹார்மோன்’ என்ற பெயர் முற்றிலும் பொருளிழக்கிறது. 1938இல் இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கிய இந்தச் செயற்கை ஈஸ்ட்ரோஜன், கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. அவர்களுடைய மகள்களில் சிலருக்கு இளவயதிலேயே பிறப்புவழியில் அரிய வகைப் புற்றுநோய் வந்ததை 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். பலருக்குக் கருப்பையின் வடிவமே பிறழ்ந்திருந்தது. கருவில் இம்மருந்துக்கு ஆளான எலிகளில், கருப்பை அமையும் பகுதிகளை வரையறுக்கும் ஹாக்ஸ்-ஏ10 மரபணுவின் செயற்பாடு மாறிப்போவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இதைச் ‘செயற்கைப் பெண்மை ஹார்மோன்’ என்று பெயர்த்தால், பெண்மை கூடியதால் பெண்ணின் கருப்பை சிதைந்தது என்ற வாக்கியம் வந்து நிற்கும். எந்தப் பொருள், எந்த நாளில், எந்த அளவில், எந்த மரபணுவைத் தொட்டது என்பதே அறிவியல். அந்தக் கேள்விகளை எழவிடாமல் செய்கிறது இப்பெயர்.

நல்ல தமிழ்ப் பெயர் வேண்டுவோருக்குச் ‘சினைப்பருவ ஊக்கி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். சினைப்பருவம் கால்நடை மருத்துவத் தமிழில் நன்கு ஊன்றிய சொல்; ‘மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது’ என்று வளர்ப்பவர்களும் சொல்கிறார்கள். சினை என்பது விலங்குக்கே உரியது, மகளிருக்குச் சொல்வது தகாது என்று மறுப்பவர்கள், சினைப்பை, சினைமுட்டை ஆகிய சொற்களை மகளிர் மருத்துவத்தில் நாள்தோறும் நாம் பயன்படுத்துவதை மறந்துவிடுகிறார்கள். ஆய்வுக் கட்டுரையில் ஈஸ்ட்ரோஜன் என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் இவ்விளக்கத்தைத் தருவது போதும். கிரந்தம் வேண்டாதவர் ஈத்திரோசன் என்று எழுதட்டும். ஒலி சற்று விலகினாலும் பொருள் கெடவில்லை.

அந்தத் தமிழாக்கத் தொடரில் உள்ள ‘கட்டுப்படுத்துதல்’ என்ற சொல்லையும் விட்டுவைக்க முடியவில்லை. தமிழில் அது அடக்குவதையே முதலில் நினைவூட்டும். வைட்டலோஜெனினில் நடப்பதோ எழுப்புதல். எழுப்புவதையும் அடக்குவதையும் சேர்த்துச் சொல்ல ‘ஒழுங்காற்றுதல்’ இருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் மோசமானது, ஆங்கிலத்தில் ‘estrogen-related receptor’ எனப்படுவதற்கான ‘பெண்மை சார்ந்த ஏற்பி’ என்ற பெயர்ப்பு. 1988இல் வின்சென்ட் ஜிகேரும் ரொனால்ட் எவன்ஸும் அவர்களுடன் இருந்தவர்களும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அமைப்பில் ஒத்த இரண்டு புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். அவை ஈஸ்ட்ரோஜனைப் பற்றுவதில்லை. ஏற்பிக்கும் அவற்றுக்கும் உள்ளது புரத உறவு மட்டுமே. அவற்றுள் ‘பீட்டா’ வகை இல்லாத எலிக் கருவில் நஞ்சுக்கொடி சரிவர அமையாமல் கரு நடுக்காலத்தில் இறந்துவிடுகிறது என்பது 1997இல் தெரிந்தது. ‘சார்ந்த’ என்று எழுதியவுடன், ஈஸ்ட்ரோஜன் வந்து இயக்கினால்தான் அவை செயற்படும் என்ற பொய்யான பொருள் நுழைந்துவிடுகிறது. ‘பெண்மை’யும் சேர்ந்தால் பிழை இரட்டிக்கிறது. ‘ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் உறவுப் புரதம்’ என்று எழுதினால் சொல் ஒன்றிரண்டு கூடும், ஆனால் எலிக் கருவின் நஞ்சுக்கொடி ஏன் அமையாமற்போனது என்று படிப்பவர் ஈஸ்ட்ரோஜனிடம் காரணம் தேடிப்போக மாட்டார்.