வெரிகோஸ் வெயின் சிகிச்சைக்குக் காப்பீடு: அன்றே வீடு திரும்பியதால் மறுக்கப்படும் பணம்

காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலருகே தோல் கறுத்து, புண்ணாகும் நிலைக்கு வந்த பிறகே சிகிச்சைக்குப் போன ஒருவருக்குக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மறுப்புக் கடிதத்தை அண்மையில் படிக்க நேர்ந்தது. "24 மணி நேரம் உள்நோயாளியாக இல்லாததால் ஏற்க இயலாது" என்ற ஒரே வரிதான் அதில் இருந்தது. ஏழு ஆண்டுகள் தவறாமல் பிரீமியம் கட்டியவர் அவர். அந்த வரி விதிக்கு முரணானது என்பது அவருக்குத் தெரியாது. எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முன்பு தொடையிடுக்கில் கீறி, பழுதான சிரையை (பேச்சில் நாம் நரம்பு என்பது இந்த ரத்தக் குழாயைத்தான்) உருவி எடுப்பார்கள். மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தது. இப்போது முழங்காலருகே ஓர் ஊசித் துளை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிரையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து கலந்த நீரை ஏற்றி, லேசராலோ ரேடியோ அலையாலோ உள்ளிருந்தே சூடாக்கி மூடிவிடுகிறார்கள். நோயாளி அன்றே நடந்து வீடு திரும்புகிறார். முன்னர் 24 மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டியிருந்த சிகிச்சை, தொழில்நுட்ப வளர்ச்சியால் மயக்க மருந்தோ மரப்பு மருந்தோ கொடுத்து அதற்குள் முடிந்துவிடுமானால் அதை 'டே கேர்' சிகிச்சையாகக் கொள்ள வேண்டும் என்பது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறை. உங்கள் பாலிசியின் வரையறைப் பக்கத்திலும் ஏறக்குறைய இதே சொற்கள் இருக்கும்.

ஆனால் அதே வரையறை வெளிநோயாளி சிகிச்சையை விலக்குகிறது. சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மருத்துவரின் ஆலோசனை அறையிலேயே சிகிச்சையை முடித்து, ரசீதில் 'ஓபி' என்று போட்டுக் கொடுத்துவிட்டால், பிறகு எவ்வளவு வாதாடினாலும் பலன் குறைவு. எனவே பதிவு பெற்ற மருத்துவமனையிலோ டே கேர் மையத்திலோ முறைப்படி அட்மிஷன் போட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்த நேரம், வெளியேறிய நேரம், கொடுத்த மரப்பு மருந்து ஆகியவை டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கின்றனவா என்று கவுண்டரை விட்டு நகரும் முன்பே படித்துப் பாருங்கள்.

அடுத்தது காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்ததிலிருந்து குறிப்பிட்ட நோய்க்குப் பணம் கேட்க முடியாத காலம். பாலிசி விற்கும்போது "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பல நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி போன்ற பொதுப் பாலிசியிலேயே வெரிகோஸ் வெயினுக்கும் அதனால் வரும் புண்ணுக்கும் 24 மாதக் காத்திருப்பு உண்டு. காப்பீட்டுத் தொகையை இடையில் உயர்த்தியிருந்தால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். அலுவலகக் குழுப் பாலிசிகள் பலவற்றில் இந்தக் காத்திருப்பு இல்லை என்பதால், வேலையை விடப்போகிறவர்கள் அதற்கு முன்பே சிகிச்சையைப் பற்றி யோசிப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும் விட அதிகம் பேரை வீழ்த்துவது கேஸ் ஷீட்டில் எழுதப்படும் ஒரு வரி. "எத்தனை வருஷமா இருக்கு?" என்று பயிற்சி மருத்துவர் கேட்கிறார். "அது இருக்கும் பத்து வருஷமா" என்று நாமும் பேச்சுவாக்கில் சொல்கிறோம். 'பத்தாண்டு வரலாறு' என்று பதிவாகிறது. முன்பே இருந்த நோயை மறைத்ததாக மறுப்புக் கடிதம் வருகிறது. விதி அப்படிச் சொல்லவில்லை. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்திருந்தாலோ, ஆலோசனையோ சிகிச்சையோ தந்திருந்தாலோ மட்டுமே அது முன்பே இருந்த நோய். நரம்பு புடைத்திருந்ததை நீங்களாகக் கண்டது அதில் சேராது. பொய் சொல்லச் சொல்லவில்லை; நரம்பு எப்போது கண்ணில் பட்டது, மருத்துவர் எப்போது முதலில் கண்டறிந்தார் என்ற இரண்டையும் பிரித்துச் சொல்லி, அப்படியே எழுதவும் கேளுங்கள். 60 மாதங்கள் இடைவெளியின்றிப் பாலிசி தொடர்ந்திருந்தால், மோசடி என்று நிரூபித்தாலன்றி, மறைத்ததாகச் சொல்லிக் க்ளெய்மை மறுக்க முடியாது.

'அழகுச் சிகிச்சை' என்றும் தள்ளிவிடுவார்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய நரம்புகளுக்கு மட்டும் செய்துகொண்டால் அந்த மறுப்பை வெல்வது கடினம். மற்றவர்கள் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை நின்ற நிலையில் எடுத்து, ரத்தம் அரை விநாடிக்கு மேல் பின்னோக்கி வழிவது அறிக்கையில் எழுதப்பட்டிருப்பதை உறுதி செய்ய வேண்டும். வீக்கம், தோல் கறுப்பு, புண் ஆகியவற்றையும் மருத்துவர் குறிப்பிட வேண்டும். வெறும் 'கால் வலி' போதாது.

லேசர் என்ற சொல்லைக் கண்டதும், 'நவீன சிகிச்சை'களுக்கெனப் பாலிசியில் உள்ள உச்சவரம்பைப் போட்டுத் தொகையைக் குறைப்பதும் நடக்கிறது. ஆணையத்தின் 12 நவீன சிகிச்சைகள் கொண்ட பட்டியலில் லேசர் வருவது புராஸ்டேட்டுக்குத்தான். சிரைக்கான வெப்ப சிகிச்சை அதில் இல்லை.

மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜின்போது மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 முதல் விதி. மறுப்பைத் தொலைபேசியில் சொன்னால் விட்டுவிடாதீர்கள். பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன்) போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.

அந்த மனிதர் மறுப்புக் கடிதத்தைப் பத்து மாதம் பீரோவுக்குள் வைத்திருந்தார், முறையீடே எழுதவில்லை. சென்ற வாரம்தான் எழுதினோம். டே கேர் வரையறை உள்ள பக்கம், டாப்ளர் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி என மூன்று நகல்களை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டது.