பாதை எப்படி ஓடையாகிறது?

உடுமலைப்பேட்டையிலிருந்து வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். திருமூர்த்தி அணைப் பக்கம் நடக்கப் போகிறவர். அடிவாரத்து ஒற்றையடிப் பாதை ஒவ்வொரு மழைக்காலம் முடியும்போதும் இன்னும் கொஞ்சம் பள்ளமாகிறது, இரண்டடி தள்ளி இருக்கும் புல்தரையோ அப்படியே இருக்கிறது, இரண்டிலும் பெய்வது ஒரே மழைதானே என்பது முதல் கேள்வி. யாரும் நடக்காமல் விட்டுவிட்டால் பாதை பழையபடி ஆகிவிடுமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கான விடையில் பாதி, அந்த அணையின் கரைக்குள்ளேயே புதைந்திருக்கிறது. திருமூர்த்தி அணை பெரும்பகுதி மண்ணால் ஆனது. மண்ணைக் குவித்து 60 அடி தண்ணீரை நிறுத்தி வைக்க முடிகிறது என்றால், அந்த மண் தண்ணீரை உள்ளே விடக்கூடாது. அப்படி விடாமல் செய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. 1933-இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் புராக்டர் அதை வெளியிட்டார். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்கு அணைகள் கட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

காய்ந்த மண்ணை எவ்வளவு இடித்தாலும் ஓர் அளவுக்கு மேல் அது இறுகாது. மணிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இடம் கொடுக்க மறுக்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் வழுக்கிக்கொண்டு நெருங்கி உட்காரும். தண்ணீர் அதிகமானாலோ மணிகளுக்கு இடையே தண்ணீரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; இடித்தால் சேறு பிதுங்குமே தவிர இறுகாது. நடுவில் ஓர் ஈரப்பதம் இருக்கிறது. அந்த ஈரத்தில் ஒரே அளவு அழுத்தத்துக்கு மண் மிக அதிகமாக இறுகும். மணல் கலந்த மண்ணுக்கு எடையில் ஏறக்குறைய பத்து சதவீதம், களி அதிகமுள்ள மண்ணுக்குப் பதினைந்து இருபது சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அணைக்கரை போடும்போது அடுக்கடுக்காக மண் கொட்டி, இந்த ஈரம் வரும்படி தண்ணீர் தெளித்து, ஆட்டுக் குளம்பு போன்ற முட்டுகள் வைத்த உருளையை மேலே ஓட்டுவார்கள்.

இப்போது நடப்பவரைப் பாருங்கள். கொட்டும் மழையில் யாரும் உலாவப் போவதில்லை. மழை ஓய்ந்து ஓரிரு நாள் கழித்து, வானம் வெளுத்து, மலை பச்சையாகத் தெரியும்போதுதான் போகிறோம். மண் பெரும்பாலும் புராக்டர் சொன்ன ஈரத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் அந்த நாளில்தான். ஆடி அமாவாசைக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு திருமூர்த்தி மலைக்கு வரும் கூட்டமும் பல வருடங்களில் தூறல் நனைத்த தரையைத்தான் மிதிக்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ கூட வராது. ஆனால் நடக்கும்போது குதிகால் முதலில் ஊன்றுகிறது, அதுவும் ஒரே தடத்தில், ஆயிரக்கணக்கான முறை. உருளை இல்லாமலே அணைக்கரை போட்டுவிடுகிறோம், தண்ணீர் உள்ளே இறங்க வேண்டிய இடத்தில்.

மண் இறுகும்போது முதலில் நசுங்குவது எது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நல்ல காட்டு மண்ணில் பாதிக்குப் பாதி வெற்றிடம். அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளுமே தவிர, வேகமாக இறக்கிவிடாது. மழைத் தண்ணீரை மளமளவென்று கீழே இறக்குபவை சில பெரிய துளைகள். மண்புழு போன வழி, செத்துப்போன வேரின் கூடு, கரையான் குடைந்த பாதை. ஒரு குழாயில் நீர் சீராகப் போகும் அளவு, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் நீர் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே பெரிய துளைகள் சற்றே நசுங்கினாலும் போதும், வேலை முடிந்தது. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. மொத்த வெற்றிடம் ஐம்பதிலிருந்து நாற்பது சதவீதமாகக் குறைந்திருக்கலாம். தண்ணீருக்கோ கதவே சாத்தியாயிற்று.

மீதிக்குக் கணக்கே போதும். ஒரு மீட்டர் அகலம், நூறு மீட்டர் நீளமுள்ள பாதைத் துண்டில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், மணிக்கு 5,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. பக்கத்துப் புல்தரை தன் பங்கில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். பாதை குடிக்காது. அத்தனையும் கீழ்முனை நோக்கி ஓடுகிறது, ஓட ஓடச் சேர்கிறது, சேரச் சேர வேகம் பிடிக்கிறது. நீரின் வேகம் இரட்டித்தால், அது உருட்டிப் போகக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகிறது என்பது பழைய விதி. பாதையின் மேல்பகுதி மழித்தாற்போல இருப்பதும் கீழ்ப்பகுதியில் வேர்களும் கற்களும் பல்லிளிப்பதும் இதனால்தான். பள்ளமானதும் நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்குகிறார்கள்; ஓரமும் இறுகுகிறது; பாதை அகலமாகிறது.

இதற்கு எதிர்மாறான ஒரு பொருள் அதே அடிவாரத்தில் ஓடுகிறது. சர்க்கார்பதி மின்நிலையத்தில் தொடங்கி, ஆனைமலையின் விளிம்பை ஒட்டி வளைந்து வளைந்து, 49 கிலோமீட்டர் வந்து திருமூர்த்தி அணையில் முடியும் காண்டூர் கால்வாய். மேற்கே போகவேண்டிய பரம்பிக்குளம் தண்ணீர், நான்கு மண்டலங்களாகப் பிரித்த பாசன நிலங்களுக்குக் கிழக்கே வருவது இதன் வழியாகத்தான். பொறியாளருக்கு அங்கே தண்ணீர் தடம் மாறாமல் கூடவே வர வேண்டும். கரையை அரிக்காமலும் வர வேண்டும். அதனால் மலையின் சம உயரக் கோட்டை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோட்டை, ஏறக்குறைய விடாமல் பிடித்துக்கொண்டு போகிறார். இத்தகைய பெரிய கால்வாய்களில் பொதுவாக ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் கொடுப்பதில்லை. எனக்கு இந்தக் கால்வாயின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. ஒரு மலையின் வடிவத்தை வரைபடத்தைவிடத் தெளிவாகச் சொல்லும் கோடு அது.

பாதை போடுபவருக்கு வேண்டியது நேர்மாறு: வந்த தண்ணீர் கூடவே நடக்கக்கூடாது, குறுக்கே கடந்து போய்விட வேண்டும். மலைச்சரிவில் நேர் செங்குத்தாக இறங்கும் பாதைக்கு மீட்சியே இல்லை. தண்ணீர் போக விரும்புவதும் அதே திசைதான். சரிவுக்குக் குறுக்காகப் போகும் பாதை பிழைக்கும். பாதை போடுபவர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு: பாதையின் ஏற்றம், அது ஏறும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது. சரிவு 20 சதவீதம் என்றால் பாதைக்கு 10. தாண்டினால், தண்ணீர் ஓரத்துக்குப் போவதைவிடப் பாதையோடு இறங்குவதையே சுலபம் என்று கண்டுகொள்ளும்.

அடுத்தது வாட்டம். மொட்டைமாடித் தளம் போடும் கொத்தனார் மழைநீர்க் குழாய் இருக்கும் பக்கமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாட்டம் கொடுப்பாரே, அதுபோல் பாதையின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். அதோடு, இறங்கும் பாதை இருபது இருபத்தைந்து மீட்டருக்கு ஒருமுறை சில எட்டுகள் மேலேறி மீண்டும் இறங்க வேண்டும். நடப்பவர் கால் அதை உணரவே உணராது. தண்ணீர் அந்தத் தாழ்வில் வந்து நின்று, ஓரமாக வெளியேறிவிடும். முன்பு கணக்கிட்ட 5,000 லிட்டர் ஐந்து இடங்களில் ஆயிரம் ஆயிரமாகப் பிரிந்து புல்லுக்குள் போய்விடுகிறது. செலவு, விவரம் தெரிந்த ஒருவர் கையில் ஒரு மண்வெட்டி.

நம் ஊரில் செய்வதோ, பள்ளமான இடத்தில் சிமென்ட் படிக்கட்டு. படிக்கட்டு ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. அதன் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் முன்னிலும் வேகமாக ஓடி, அடுத்த வருடம் படியின் அடியையே குடைகிறது. மறுபடி ஓர் ஒப்பந்தம். உதகமண்டலத்தில் மண், நீர்ப் பாதுகாப்புக்கென்று ஓர் ஆராய்ச்சி மையம் 1954 முதல் இருக்கிறது. மலைத்தோட்டங்களின் மண்ணரிப்பைப் பற்றிப் பல தலைமுறை அறிவு அங்கே உண்டு. கோயில் வழி, அருவி வழி, அணை வழி என்று லட்சக்கணக்கானோர் நடக்கும் பாதைகளை அளந்து பார்க்க, ஒரு படிக்கட்டு ஒப்பந்தத்தின் தொகையை அப்படியே அவர்களிடம் கொடுத்தால் என்ன? அணையில் சேரும் வண்டலில் நடைபாதைகளின் பங்கு சொற்பம்தான். சாலைக்காக வெட்டிய சரிவும் உழுத சரிவும் தருவது பன்மடங்கு. ஆனால் சாலைக்கும் விதி இதுவேதான்.

யானைகள் இதில் நம்மைவிடக் கெட்டி. வட கென்யாவில் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டிய யானைகளின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2006-இல் வந்தது. மேடு ஏறுவதை அவை கூடியவரை தவிர்க்கின்றன. அவ்வளவு பெரிய உடலை ஒரு மீட்டர் உயர்த்துவதற்கான செலவை மறுபடி தின்றே ஈட்ட வேண்டும் அல்லவா? வளைந்து போகும் பாதைகளில் நேராகக் குறுக்கே பாய்ந்து இறங்கி மிச்சம் பிடிப்பவர்கள் நாம்தான். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே தெரியும் செங்குத்தான சிவப்புக் கோடுகள் எல்லாம் அப்படி வந்தவை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நடப்பதை நிறுத்தினால் பாதை ஆறுமா என்பது மண்ணைப் பொறுத்தது. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் சமவெளிக் கரிசல் நிலங்கள் உண்டு. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகளே புதிய துளைகளாகிவிடுவதால், சில கோடைகளில் இறுக்கம் பெருமளவு தளர்ந்துவிடும். குளிர்நாடுகளில் மண்ணுக்குள் உறையும் பனி இதே வேலையைச் செய்கிறது. அடிவாரத்துச் செம்மண்ணுக்கு இரண்டும் கிடையாது. அதன் களி அதிகம் உப்பாது, பனியும் உறையாது. மண்புழுவும் கரையானும் வேரும் ஒவ்வொரு துளையாகக் குடைந்து திறந்தாக வேண்டும். இறுகிய மண்ணில் வேர் நுழைவதே கஷ்டம். எனவே வருடக் கணக்கில் ஆகும். பள்ளம் ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தால், ஆள் நடக்காவிட்டாலும் தண்ணீர் நடக்கும். முதலில் பள்ளத்துக்குக் குறுக்கே கல் அடுக்கி நீரை வெளியே திருப்பிவிட்டு, மேலே காய்ந்த சருகு பரப்பினால், புல் வேர்பிடிக்க ஓரளவு வாய்ப்பு இருக்கிறது. வனத்துறையின் எல்லைக்குள் என்றால் அவர்களிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.